பாட்டில் இல்லாத பறவை

சென்ற ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றம் நடத்திய பாடல் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அழிந்துகொண்டிருக்கும் உயிர்களும் சூடாகிக்கொண்டிருக்கும் பூமியும்தான் தலைப்பு. 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்கள் தாங்களே எழுதி, மெட்டமைத்து, பதிவுசெய்து அனுப்ப வேண்டும். 12 பாடல்கள் வந்திருந்தன. அதில் 7 பாடல்களில் புலி உறுமியது. 3 பாடல்கள் மழைச் சத்தத்தோடு தொடங்கின. ஒன்றில் பனிக்கரடி இருந்தது. ஜொகூரில் பிறந்து இன்றுவரை பாலம் தாண்டி வேலைக்குப் போய்வரும் எனக்கு அந்தப் பனிக்கரடியோடு எந்த உறவும் ஏற்படவில்லை.

மீதி ஒரு பாட்டு ஒரு பெண் அனுப்பியது. உறுமி மேளமும் அவர் குரலும் மட்டும்தான். பல்லவி மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறை பல்லவி முடிந்ததும் உறுமி நின்றுவிடுகிறது, குரலும் நின்றுவிடுகிறது. எட்டு தாளம் காலியாகப் போகிறது. மூன்றாவது முறை அந்தக் காலி இடம் இன்னும் நீளம், பதினாறு தாளம். ஏதோ சேம்பிள் போட வேண்டிய இடம், ஏற்றுமதி செய்யும்போது விடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். பாடல் ஒரு பறவையைப் பற்றியது என்று குறிப்பில் எழுதியிருந்தார். நான் மதிப்பெண் தாளில் எழுதினேன்: "பறவைப் பாட்டில் பறவையைக் காணோம்." பத்துக்கு நாலு.

எழுதும்போது எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த நாலு மதிப்பெண்ணைப் பற்றியது. அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் ஏன் தப்பு என்பதை யோசிக்கப் போனபோது, இந்த மாதிரிப் பாடல்களை நாம் எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 'நல்ல விஷயத்துக்காகப் பாடியிருக்கான், விடுங்க' என்று சொல்வது விமர்சனம் ஆகாது. 'கருத்து ஓகே, இசைதான் சரியில்ல' என்பதும் பாதி வேலைதான்.

*

முதலில் புலியை முடித்துவிடுகிறேன்.

நம் பாடல்களில் புலிக்குக் குறைச்சலே இல்லை. மலேசியத் தமிழ் ராப்பில் 'நான் புலி' என்று ஒருவராவது சொல்லாமல் ஒரு வருடம் போகாது. இந்த நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காற்பந்துக் குழுவுக்குப் பெயரே ஹரிமாவ் மலாயா. 1950களில் தீபகற்பத்தில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்திருக்கும் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்றது. ஒரு கலியாண மண்டபத்தில் ஒரு ஓரத்து மேசைகளில் உட்கார வைத்துவிடலாம்.

அந்த 7 பாடல்களில் 5 பாடல்கள் இந்த எண்ணைச் சொல்லின. சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பாடுகிறவர் புலியாகிவிட்டார். உறுமல் சேம்பிள், பேஸ், 'எழுந்து வா' வகைப் பல்லவி. அழியும் விலங்கைப் பற்றிய பாடல், பாடுகிறவரின் வீரத்தைப் பற்றிய பாடலாக எட்டு வரிக்குள் மாறிவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. புலி என்றால் வீரம் என்பது நம் மொழியில் ரொம்பப் பழைய தடம். அதில் கால் வைத்தால் அது தானாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் 150க்கும் குறைவாக இருக்கும் ஒரு உயிர், அதுவும் கண்ணியில் காலை விட்டுச் சாகும் உயிர், வீரத்துக்கு உவமையாக இனியும் தாங்குமா? அந்த உவமையே பொய்யாகிவிட்டதை எந்தப் பாட்டும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அதுவே நல்ல பாட்டாகியிருக்கும்.

புலியை விட்டுவிட்டு யாராவது காண்டாமிருகத்தை எடுத்திருக்கலாமே என்றும் தோன்றியது. சுமத்ரா காண்டாமிருகம் அதன் இனத்திலேயே அதிகம் குரல் எழுப்பும் வகை. அதன் ஒலிகளில் ஒன்றைத் திமிங்கிலத்தின் பாட்டோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மலேசியாவின் கடைசி ஆண், தாம், 2019 மே மாதம் சபாவில் இறந்தது. கடைசிப் பெண், இமான், அதே ஆண்டு நவம்பர் 23 அன்று இறந்தது. பாடுகிற காண்டாமிருகம் ஒன்று நம் காலத்தில், நம் நாட்டில், இல்லாமல் போயிருக்கிறது. அதை வீரத்துக்கு உவமையாக்க யாராலும் முடியாது. அதனால்தான் யாரும் தொடவில்லையோ என்னவோ.

*

இளைஞர்கள் இந்த விஷயத்தில் செய்திருக்கும் இசையில் மூன்றை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முதலாவது 2013இல் வந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அப்போது இளங்கலை மாணவராக இருந்த டேனியல் க்ராஃபோர்ட், ஸ்காட் செயின்ட் ஜார்ஜ் என்ற புவியியல் பேராசிரியரோடு சேர்ந்து செய்த செல்லோ இசை. 1880 முதல் 2012 வரை, நாசா வெளியிட்டிருக்கும் உலகச் சராசரி வெப்பநிலையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு சுரம், மொத்தம் 133 சுரங்கள். அந்தக் கணக்கில் மிகக் குளிரான 1909ஆம் ஆண்டுக்குச் செல்லோவின் ஆகக் கீழான சுரம். ஏறத்தாழ 0.03 டிகிரி செல்சியஸ் கூடினால் அரைச்சுரம் மேலே போக வேண்டும். அவ்வளவுதான் விதி.

கேட்டால் முதலில் பெரிதாக ஒன்றும் தோன்றாது. யாரோ விரல் பயிற்சி செய்வதுபோல் சுரங்கள் மேலும் கீழும் அலைகின்றன. 1940கள் வரும்போது சற்று ஏறி, பிறகு இறங்கி, 'சரி, திரும்ப வந்துடுச்சு' என்று காது சமாதானமாகிறது. 1980க்குப் பிறகு அது திரும்பி வருவதில்லை. கடைசியில் வில் உச்சிச் சுரங்களில் தவிக்கிறது. இன்னும் 1.8 டிகிரி கூடினால் சுரங்கள் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று காணொளி முடிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.03க்கு ஒரு அரைச்சுரம் என்றால் 1.8க்கு 60 அரைச்சுரம், அதாவது ஐந்து ஸ்தாயி. எந்தச் செல்லோவிலும் அதற்கு இடமில்லை.

இந்த இசையில் எனக்குப் பிடித்தது அதன் சோகம் இல்லை. வாசிப்பவருக்குச் சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை என்பதுதான். ஒரு இசைக்கலைஞன் தன்னிடம் இருக்கும் பெரிய சுதந்திரத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டான். அழகாக இருக்கும் என்று ஒரு சுரத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் கேட்கும் எனக்கும் 'கொஞ்சம் மிகைப்படுத்துறான்' என்று தப்பிக்க வழியில்லை.

இரண்டாவது 2014இல் வந்தது. ஸ்மித்சோனியன் விலங்கியல் பூங்காவும் போர்ச்சுகல். தி மேன் என்ற அமெரிக்க ராக் குழுவும் சேர்ந்து, சுமத்ராப் புலியின் பெயரில் ஒரு பாடலைப் பதிவுசெய்தார்கள். அப்போது காட்டில் 400 சுமத்ராப் புலிகள் இருப்பதாகக் கணக்கு. அதனால் 400 இசைத்தட்டுகள் மட்டும். அவையும் சில தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும் பொருளில் செய்யப்பட்டவை. தட்டு கிடைத்த 400 பேரும் அதைப் பிரதியெடுத்துப் பகிர்ந்தால்தான் பாட்டு பிழைக்கும்.

யோசனை ரொம்பப் புத்திசாலித்தனமானது. ஆனால் எனக்கு ஒரு நெருடல். பாட்டை இணையத்தில் ஏற்றிவிட்டால் அது பிழைத்துவிட்டது. கேட்டவருக்கு ஒரு நிம்மதி, 'காப்பாத்திட்டோம்'. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புலிக்கு இந்தப் பிரதியெடுப்பில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பிரதி எடுக்க முடியாததுதானே புலியின் பிரச்சினை! பொருளின் உருவம் சொன்ன உண்மையை, பொருளைப் பயன்படுத்தும் முறையே கலைத்துவிட்டது.

மூன்றாவது 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த 'சாங்ஸ் ஆஃப் டிஸ்அப்பியரன்ஸ்'. அழிவின் விளிம்பில் இருக்கும் 53 பறவைகளின் குரல்கள். செல்லோ கலைஞரும் அப்போது முனைவர் பட்ட மாணவருமான ஆண்டனி ஆல்பிரெக்ட் முன்னின்று செய்தது. டேவிட் ஸ்டீவர்ட் பல ஆண்டுகளாகக் காட்டில் பதிவுசெய்தவற்றிலிருந்து எடுத்தது. முதல் தடத்தில் மட்டும் சிமோன் ஸ்லாட்டரி 53 குரல்களையும் கோர்த்திருக்கிறார். மற்றவை வெறும் பறவைக் குரல்கள், வாத்தியமோ தாளமோ கிடையாது. அந்தக் கிறிஸ்துமஸ் காலத்தில் அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. மரியா கேரியைத் தாண்டிவிட்டது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தி போட்டார்கள்.

இங்கே மனித இசைக்கலைஞர் ஒதுங்கி நிற்கிறார். அது பெரிய விஷயம். பறவை நமக்கு உவமையாக வராமல் பறவையாகவே வருகிறது. நான் அந்த 12 பாடல்களைக் கேட்கப் போனபோது என் மண்டையில் இருந்த அளவுகோல் இதுதான். 'பறவையைப் பற்றிப் பாடுகிறாயா? அதைப் பேச விடு.' அந்தப் பெண்ணின் பாட்டு இந்த அளவுகோலில் அடிபட்டுப் போனது.

*

தமிழில் இதற்கு வேறொரு அளவுகோலும் இருக்கிறது, நாம்தான் அதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள் என்று சொல்லும் பட்டியலை நினைத்துப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பறவையும் பறையும் அடுத்தடுத்து நிற்கின்றன. விலங்கும் யாழும் ஒரே வரிசை. இயற்கை ஒரு பக்கம், கலை இன்னொரு பக்கம் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. நெய்தலுக்குக் கடற்காக்கை உண்டு என்றால் விளரி யாழும் உண்டு. ஒன்றை உருவிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்கள் யோசித்திருக்கவே தேவையில்லை. அந்த யோசனை நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், தமிழில் அண்மையில் வந்த சூழல் பாடல்களில் எனக்கு முக்கியமானது 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. எழுதியது கபேர் வாசுகி என்ற இளைஞர். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சதுப்பு நிலத்தில் நின்று பாடுகிறார். நெய்தல் நிலம்தான் அது, ஆனால் கருப்பொருள்களில் பாதி சாம்பலுக்கு அடியில்.

அந்தப் பாட்டில் புள்ளிவிவரம் கிடையாது. ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. பொறம்போக்கு. நம் வீடுகளில் அது திட்டு. என் அப்பா என்னைத் திட்டிய சொற்களில் அது மூன்றாவது இடத்திலாவது இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவருக்கு அதன் பழைய பொருள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாருக்கும் பட்டா இல்லாமல் ஊருக்கே பொதுவாக விடப்பட்ட நிலம், ஏரி, மேய்ச்சல்வெளி, கரை. யாருக்கும் சொந்தமில்லாததை மதிப்பற்றது என்று நினைக்கத் தொடங்கியபோது நிலத்தின் பெயர் வசையானது. சென்னைப் பேச்சுத் தமிழைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்து, அந்த வசையை நிலத்திடம் திருப்பிக் கொடுக்கிறது பாட்டு. கேட்டுமுடித்த பிறகு அந்தச் சொல்லை முன்போல் சொல்ல முடியவில்லை. ஒரு பாட்டு இதைவிட என்ன செய்ய வேண்டும்?

2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' வேறு மாதிரி. அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. நீர்நிலை மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை என்று அது விலங்குகளையும் பங்காளிகளாக்கும் இடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நாங்கள் இங்கே கேட்ட விதம் வேறு. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பிய குடும்பம். கித்தா மரம் வெட்டின கைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அண்டை வீட்டுக் கதை. காட்டை அழித்துத் தோட்டம் போட்டது எங்கள் தாத்தாக்களின் உழைப்பு. அழிக்கச் சொன்னது அவர்கள் இல்லை, அழித்ததால் லாபம் கண்டதும் அவர்கள் இல்லை. ஆனாலும் அழித்த கை அவர்களுடையது. மலேசியத் தமிழர் ஒருவர் காட்டைப் பற்றிப் பாட வந்தால் இந்தச் சிக்கலான இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் கேட்ட 12 பாடல்களில் ஒன்றுகூட அங்கிருந்து தொடங்கவில்லை. எல்லோரும் காட்டின் பிள்ளைகளாகவே பாடினார்கள்.

'பொறம்போக்கு' எனக்குக் கொடுத்த இன்னொரு அளவுகோல்: இடத்தின் பெயரைச் சொல். எண்ணூர் என்று சொன்னதால்தான் அந்தப் பாட்டுக்குப் பல் இருக்கிறது. 'பூமித்தாயே' என்று பாடினால் யாருக்கும் கோபம் வராது. அந்தப் பெண்ணின் பாட்டில் இடத்தின் பெயரும் இல்லை. அந்த அளவுகோலிலும் அவர் தோற்றார்.

*

சில மாதங்கள் கழித்து அவரை ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். அவர்தான் அடையாளம் கண்டு வந்து பேசினார். கோபமெல்லாம் இல்லை. நாலு மதிப்பெண்ணைச் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். எனக்குத்தான் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

"அந்தக் காலி எடத்துல என்னம்மா இருந்திச்சு? விட்டுப்போச்சா?"

"இல்லண்ணா. மொதல்ல போட்டிருந்தேன். அப்புறம் நானே எடுத்துட்டேன்."

"ஏன்?"

"ரெக்கார்டிங் ரொம்ப க்ளியரா வந்திருச்சு. அதான் பயம். யாராச்சும் அத மட்டும் வெட்டி எடுத்துப் போன்ல போட்டா, நெஜப் பறவ கிட்ட வந்து நிக்கும்ல? அப்புறம் புடிக்கறவனுக்கு என்ன கஷ்டம்?"

அவர் பாடியது பராவ்-பராவைப் பற்றி. தமிழ்நாட்டில் கொண்டைக்குருவி, சின்னான் என்றெல்லாம் சொல்லப்படும் புல்புல் குடும்பத்தில் ஆகப் பெரியவற்றில் ஒன்று. வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் கறுப்பு மீசைக் கோடு. ஆற்றோரங்களில், நீர்க்கரை மரங்களில் இருக்கும். ஜோடியாகச் சேர்ந்து பாடும். தண்ணீர் கொப்பளிப்பதுபோல் இருக்கும் அதன் பாட்டு. அந்தப் பாட்டுதான் அதற்கு எமன். தென்கிழக்காசியா முழுவதும் கூண்டுப் பறவைகளுக்கும் பாட்டுப் போட்டிகளுக்கும் இருக்கும் மோகத்தில் பிடித்துப் பிடித்து, தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது இல்லாமலே போய்விட்டது. 2018இல் அதை மிக அருகிய இனமாக அறிவித்தார்கள். காடு அழிந்தது ஒரு காரணம், ஆனால் காடு இருக்கும் இடத்திலும் பறவை இல்லை. இன்று அதற்கு மிஞ்சியிருக்கும் நல்ல புகலிடங்களில் ஒன்று, நம்புங்கள், சிங்கப்பூர். ஏறக்குறைய 200 பறவைகள் இங்கே இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். புலாவ் உபினில் அதிகாலையில் நடந்தால் கேட்கலாம். எந்த மரம், எந்தத் திருப்பம் என்று மட்டும் தெரிந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

பதிவை ஓட்டிப் பறவையை வரவழைப்பது பிடிப்பவர்களின் பழைய வித்தை. தன் எல்லைக்குள் இன்னொன்று பாடுகிறது என்று சண்டைக்கு வரும். கூண்டில் இருக்கும் பறவைக்குப் பாட்டுப் பழக்கவும் பதிவுகளை ஓட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்திருந்தும் மதிப்பெண் போடும்போது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் என் பெரிய மாமா பராவ்-பராவ் வளர்த்தவர்.

க்ளுவாங் பக்கம் தோட்டம் விற்றுப்போய் அவர்கள் தாமானுக்குக் குடிவந்த பிறகு, வீட்டு முன்வாசலில் ஒரு மூங்கில் கூண்டு தொங்கியது. காலையில் பசியாறுவதற்கு முன்பே மாமா அதற்குப் பழம் வைத்துவிடுவார். பாட்டுப் போட்டிக்கெல்லாம் கொண்டுபோனதில்லை. பெருமைக்கும் பாசத்துக்கும்தான். அது பாட ஆரம்பித்தால் தெருவில் போகும் மலாய்க்காரப் பெரியவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பதினான்கு வயதில் எனக்கு ஒருநாள் ஞானம் வந்து, "பாவம் மாமா, விட்டுடுங்க" என்றேன். மாமா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"காட்டுல கெடந்தா இது பாட்ட யார்றா கேப்பா?"

அன்று அது எனக்குக் கொடுமையான பேச்சாகப் பட்டது. இப்போது யோசித்தால், பறவைக் குரலைப் பாட்டில் கோர்க்கும் எல்லோரும் சொல்வது அதைத்தான். நாங்கள் பதிவுசெய்யாவிட்டால் யார் கேட்பார்கள்? கேட்டால்தானே அக்கறை வரும்? நானும் அதையே சொல்லித்தான் நாலு மதிப்பெண் போட்டேன். பறவையைக் காணோம், கொண்டுவந்து காட்டு. மாமாவின் கூண்டு மூங்கிலில் இருந்தது, என்னுடையது மதிப்பெண் தாளில்.

இதை வைத்து எல்லாப் பதிவும் கூண்டுதான் என்று சொல்ல வரவில்லை. அந்த ஆஸ்திரேலியத் தொகுப்பு நல்ல தொகுப்பு. அங்கே பல பறவைகள் வாழிடம் அழிவதால் அழிகின்றன. அவற்றின் குரல் ஊரெல்லாம் கேட்பதால் அவற்றுக்குக் கெடுதல் குறைவு. பராவ்-பராவின் கதை வேறு. அது பாட்டுக்காகவே பிடிபடுகிறது. எண்ணூரைப் பெயர் சொல்லிப் பாடினால் எண்ணூருக்கு நன்மை, ஏனென்றால் அங்கே நடப்பது மறைவில் நடக்கிறது. பராவ்-பராவ் இருக்கும் மரத்தைப் பெயர் சொல்லிப் பாடினால் அதுவே காட்டிக்கொடுத்தல். ஆக, 'பேச விடு', 'இடத்தைச் சொல்' என்று நான் கையில் வைத்திருந்த இரண்டு அளவுகோலும் எல்லா உயிருக்கும் பொருந்தாது. அந்த உயிர் எதனால் சாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதற்கு எப்படிப் பாடுவது என்று முடிவுசெய்ய முடியும். இருபது வயதுப் பெண் அதைத் தெரிந்து செய்தார். நடுவர் நாற்காலியில் இருந்த நான் பொதுவான சட்டத்தை வைத்துக்கொண்டு அளந்தேன்.

*

பாட்டை மறுபடியும் கேட்டேன், பல முறை.

இப்போது அந்த எட்டு தாளம் வெறுமையாகக் கேட்கவில்லை. உறுமி நின்ற பிறகு அதன் தோலில் ஒரு சின்ன அதிர்வு மிஞ்சுகிறது. அது அடங்கியதும் பாடுகிறவர் மூச்சு விடுவது கேட்கிறது. இரண்டாவது இடைவெளியில் அந்த மூச்சுகூட இல்லை. பல்லவி எழுப்பும் கேள்விக்குப் பதில் வர வேண்டிய இடம் அது. ஜோடியாகப் பாடும் பறவையின் பாட்டை ஒற்றைக் குரலில் பாடுகிறார் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. மூன்றாவது இடைவெளி நீள்வது எனக்கான துப்பு. தவறுதலாக விடுபட்ட சேம்பிள் இரண்டு மடங்காக நீளுமா? அதை நான் கவனித்திருக்க வேண்டும். அண்ணனின் உறுமி மேளக் குழுவோடு கோயில்களுக்குப் போய்ப் பழகியவர் என்று அன்று சொன்னார். சாமி இறங்கும்வரை நிற்காமல் அடிக்க வேண்டிய வாத்தியத்தை நிறுத்திக் காட்டுவது எவ்வளவு பெரிய முடிவு என்று உறுமி கேட்டு வளர்ந்த யாருக்கும் புரியும். க்ராஃபோர்ட் சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டதுபோல், இவர் தன்னிடம் இருந்த ஆக அழகான ஒலியை விட்டுவிட்டார்.

ஆனாலும் பத்துக்குப் பத்து போட மாட்டேன். இரண்டாவது சரணம் பிரசங்கம். மனிதனே, நீ திருந்து என்கிற வகை. அந்தச் சரணத்தை எழுதியவருக்குக் கேட்பவர்மேல் நம்பிக்கை இல்லை, இடைவெளியை விட்டவருக்கு இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதால் அடுத்த பாட்டில் யார் ஜெயிப்பார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. பதிவை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுக் கடையில். பாட்டுக்குள் அதற்கு ஒரே ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம். இதை அவரிடமும் சொன்னேன். "சொன்னா அதுவும் பிரசங்கம் ஆயிடும்லண்ணா" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமா போன பிறகு அந்தக் கூண்டை அத்தை தூக்கிப் போடவில்லை. அதில் ஒரு மணி பிளாண்ட் கொடியைச் சுற்றிவிட்டிருக்கிறார். சென்ற மாதம் போனபோது போனில் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் இடைவெளி வந்ததும், "என்னடா, நின்னுபோச்சா?" என்றார். இல்லை, இன்னும் இருக்கிறது என்றேன். கடைசிவரை கேட்டார். "யாரு இந்தப் பொண்ணு, நல்லா அடிக்குது" என்றார். பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த மன்றத்தின் கோப்பில் என் தாள் நாலு மதிப்பெண்ணோடு இருக்கும். பரிசும் புலி உறுமிய ஒரு பாட்டுக்குப் போய்விட்டது. அதையெல்லாம் மாற்ற முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்: ஏழரை.